பூசையில் வைத்த டிஸ்க்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு வேர்க்கும், பிறகு வாய் திறக்கும். வாய் திறந்த பிறகு என்ன வரும் என்று எனக்கே தெரியாது. இப்போது ஓரளவு அடங்கிவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் சொல்லப்போவது அது அடங்காமல் இருந்த இருபத்தைந்து வயதுக் கதை.

அப்போது அரியாலையில் ஒரு கொம்பியூட்டர் வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் நின்று இரண்டு மூன்று வருசமாகியிருந்தது. கரண்ட் இல்லாத ஊரில் கொம்பியூட்டர் வகுப்பா என்று என் பிள்ளைகள் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். கரண்ட் இல்லையென்று நாங்கள் சமைக்காமல் விட்டோமா, கலியாணம் கட்டாமல் விட்டோமா? கொம்பியூட்டரையும் விடவில்லை. வாரத்தில் மூன்று நாள், பின்னேரம் ஒரு மணித்தியாலம், வளவுக்குள் முருங்கைக்குக் கீழே ஒரு சின்ன ஜெனரேற்றர் ஓடும். போத்தல் மூடியளவு பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணிப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். மற்ற நேரமெல்லாம் படிப்பு கொப்பியில்தான். காட்போட் மட்டையில் விசைப்பலகை கீறி, அதில் விரல் வைத்துப் பழகியவர்கள் எங்கள் மாணவர்கள். மட்டையில் அடிக்கும்போது ஒருவரும் பிழை விடுவதில்லை.

வகுப்பை நடத்தியவர் ஒரு ரைப்பிங் மாஸ்ரர். முப்பது வருசம் ரைப்பிங்கும் சுருக்கெழுத்தும் படிப்பித்தவர், அறுபது வயதை எட்டும் நேரத்தில் ஒரு கொம்பியூட்டரை வாங்கி வீட்டு விறாந்தையில் வைத்துவிட்டார். நெற்றியில் மூன்று குறித் திருநீறு, எந்நேரமும் வெள்ளை வேட்டி, ஊர்க் கோயிலில் பாட்டென்றால் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். அந்தக் குரலுக்கு ஒலிபெருக்கி தேவைப்பட்டதில்லை. கொம்பியூட்டரைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. தெரியாது என்று எல்லோருக்கும் முன்னால் ஒத்துக்கொள்வார், அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். நான் பண்டத்தரிப்புக்காரி. சின்னம்மா வீடு அரியாலையில் இருந்ததால் அங்கே தங்கி இந்த வேலைக்குப் போய்வந்தேன்.

மாஸ்ரரின் மகள் என் சிநேகிதி. கம்பஸில் அவள் விவசாயம், நான் விஞ்ஞானம். என் வாய்க்கு எதிர்மாறு அவள். நான் பத்து வசனத்தில் சொல்வதை ஒரு பெருமூச்சில் சொல்லிவிடுவாள். அவளுக்குத் தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மேலே படிக்க விருப்பம். விண்ணப்பத்தோடு ஆராய்ச்சி அறிக்கை ஒன்றையும் அனுப்ப வேண்டும். அவளுடைய ஆராய்ச்சி, எங்கள் சின்ன வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டித் தூக்கி, அழுகாமல் எத்தனை மாதம் வைத்திருக்கலாம் என்பது. ஒரு வருசம் அந்த வீட்டுக் கூரை வளையெல்லாம் வெங்காயம் தொங்கியது.

மாஸ்ரரின் மனைவி இறந்து ஏழெட்டு வருசம். மூத்த மகன்மார் இரண்டு பேரும் கனடாவில். இவளும் போனால் அந்த வீட்டில் மாஸ்ரரும் ஜெனரேற்றரும்தான் மிச்சம். இதை வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. விண்ணப்பத்தைப் பற்றி அவள் கேட்கும்போதெல்லாம் மாஸ்ரர் “பாப்பம்” என்பார். அந்தப் “பாப்பம்” ஆறு மாதமாக நடந்துகொண்டிருந்தது.

இனி மெசின்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. எங்களிடம் இரண்டு கொம்பியூட்டர் இருந்தன. ஒன்று மாஸ்ரர் வாங்கியது. அதற்குள் ஹார்ட் டிஸ்க் இருந்தது. எழுதும் புரோகிராமும் வெங்காய அறிக்கையும் அதில்தான். ஆனால் அதன் ஃபிளொப்பி போடும் வாயில் எறும்பு குடியேறி அது செத்துவிட்டது. ஒருநாள் ஜெனரேற்றரின் கரண்ட் திடீரெனக் கூடிக் குதித்ததில் பிறின்ரர் செருகும் இடமும் எரிந்துபோனது. ஆகவே அந்தப் பெட்டிக்குள் போட்டது எதையும் வெளியே எடுக்க வழியில்லை. மற்றது வல்வெட்டித்துறையில் கப்பலில் வேலைசெய்த ஒருவர் வீட்டிலிருந்து இரவலாக வந்தது. மெத்தையில் சுற்றி, தட்டி வான் என்கிற பழைய பஸ்ஸில் கொண்டுவந்தோம். அதில் ஃபிளொப்பி வேலை செய்யும், பிறின்ரரும் வேலை செய்யும். ஆனால் ஹார்ட் டிஸ்க் கிடையாது. இருப்பவனுக்கு வாயில்லை, வாயிருப்பவனுக்கு ஒன்றுமில்லை என்று மாஸ்ரர் சொல்லிச் சிரிப்பார்.

இதற்கு ஒரு வழி இருந்தது. இரண்டையும் வயரால் தொடுத்து, முதலாவதின் டிஸ்க்கை இரண்டாவது தன்னுடையது என்று நம்பும்படி செய்வது. கொம்பியூட்டரைப் போட்டதும் முதலில் எழும்புவது கேர்னல் என்கிற அடிப்படைப் புரோகிராம். எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தானாகத் தெரியாது. ஒவ்வொரு சாமானுக்கும் டிரைவர் என்று ஒரு சின்னப் புரோகிராம் உண்டு. எந்தெந்த டிரைவரைச் சேர்க்க வேண்டும் என்று ஒரு ஃபைலில் வரிவரியாக எழுதி வைத்தால், கேர்னல் எழும்பும்போதே அதை வாசித்துச் சேர்த்துக்கொள்ளும். கொழும்பிலிருந்து வந்த ஒரு அண்ணை எனக்குத் தந்த டிரைவர் ஒரு பொய்க்காரன். வயருக்கு அந்தப் பக்கம் இருக்கும் டிஸ்க்கை, இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது என்று கேர்னலுக்குச் சொல்லும். கேர்னலும் ஒன்றும் கேளாமல் அதற்கு டி என்று ஒரு எழுத்தைக் கொடுத்து வைத்துக்கொள்ளும். கூடவே இரண்டு பக்க விளக்கமும் ஃபோட்டோகொப்பியில் தந்தார். இரண்டாம் பக்கத்தில் பாதி கறுப்பாக இருந்தது.

வயர் கடையில் கிடையாது. ஆனால் ரெலிபோன் செத்துப்போன ஊரில் ரெலிபோன் வயருக்கு என்ன பஞ்சம்? மாஸ்ரர் வீட்டு வயரையே அறுத்தேன். மூன்று கம்பி போதும். அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் ஒன்றுக்கொன்று மாறிப் போக வேண்டும், மற்றது நேரே. ஈயம் பற்றவைக்கும் கோலைச் சிரட்டைக் கரியில் பழுக்க வைத்து நானே ஒட்டினேன். பெருவிரலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. டிஸ்க் உள்ள மெசினுக்குள் ஃபிளொப்பி போகாததால், அதற்கு வேண்டிய சின்னப் புரோகிராமை விசைப்பலகையால் வரிவரியாக அடித்தே ஏற்றினேன். அதைப் போட்டவுடன், வயரில் யாராவது கேட்டால் டிஸ்க்கைத் திறந்துவிடும் புரோகிராம் தானாக எழும்பி, பின்னால் இருந்து வேலை செய்யும். முன்னால் திரையில் என்ன நடந்தாலும் அதற்குக் கவலையில்லை. பிறகு இரவல் மெசினின் ஃபிளொப்பியில் டிரைவர் வரியை எழுதிப் போட்டுப் பார்த்தேன்.

டி வரவில்லை. திரையில் ஏதோ ஒரு வரி ஓடி மறைந்தது. வயரைக் குறை சொன்னேன். ஈயத்தைக் குறை சொன்னேன். விளக்கத்தை ஃபோட்டோகொப்பி எடுத்தவனின் பரம்பரையையே குறை சொன்னேன். அதற்குள் மண்ணெண்ணெய் முடிந்து ஜெனரேற்றர் நின்றது. சரசுவதி பூசைக்கு மூன்று நாள் முன்பு அது. நவராத்திரி முடியட்டும், ஆறுதலாகப் பார்க்கலாம் என்று விட்டோம். அறிக்கையைத் தெற்கே கொண்டுபோக இருந்த விரிவுரையாளர் விஜயதசமி கழிந்து இரண்டு நாளைக்குப் பிறகுதான் பயணம் என்று சொல்லியிருந்தார்.

சரசுவதி பூசையன்று காலையில் நான் போனபோது வீட்டு நடு ஹோலில் கும்பம் வைத்தாயிற்று. படத்துக்கு மாலை, பக்கத்தில் புத்தக அடுக்கு, பழைய ரைப்ரைட்டர் ஒன்று, நடுவில் வெள்ளைத் துணி விரித்த மேசையில் டிஸ்க் உள்ள கொம்பியூட்டர். நெற்றியில், அதாவது திரைக்கு மேலே, திருநீறும் சந்தனப் பொட்டும். பின்னால் வால் மாதிரி என் வயர் தொங்கியது. திருகாணி இறுகிப்போனதால் கழற்ற முடியவில்லை, வால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று மாஸ்ரர் அப்படியே தூக்கி வைத்துவிட்டாராம். இரவல் மெசினை வைக்கவில்லை. “இரவல் சாமானைப் பூசையிலை வைச்சால் பலன் உரியவனுக்கெல்லோ போகும்” என்றார்.

பூசையில் வைத்ததை விஜயதசமி விடிய எடுக்கும்வரை தொடக்கூடாது. புத்தகத்தைத் தொடக்கூடாது என்பதனால்தான் சின்ன வயதில் நவராத்திரி எங்களுக்கு அவ்வளவு விருப்பமான திருநாள்.

பதினொரு மணிபோல ஒருவர் சைக்கிளில் வந்து செய்தி சொன்னார். விரிவுரையாளரின் பயணம் முந்திவிட்டது. அன்று பின்னேரம் ஆறு மணிக்கு வெளிக்கிடுகிறார். கொடுக்க வேண்டியதை அதற்கு முன் கொடுக்க வேண்டும். இதை விட்டால் விண்ணப்ப முடிவு நாளுக்குள் வேறு ஒருவரும் போவதற்கில்லை. தபாலை நம்பி இருக்கிற காலமும் அது இல்லை.

அவள் நேரே தகப்பனிடம் போனாள். நான் பின்னால் நின்றேன்.

“அப்பா, ஒரு மணித்தியாலம் உந்த மெசினை இறக்கித் தாங்கோ. வயரைச் சரிபார்த்து அறிக்கையை எடுத்துப்போட்டுத் திருப்பி வைக்கிறம்.”

மாஸ்ரர் பூ ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை. “வைச்சது வைச்சதுதான், பிள்ளை. நாளைக்கு விடிய எடுத்தாப்பிறகு என்னவும் செய்யுங்கோ.”

“நாளைக்கு அவர் போயிடுவார், அப்பா.”

“அதுக்கு நான் என்ன செய்ய?”

அவள் குசினிக்குள் போய்க் கடலையைக் கழுவத் தொடங்கினாள். கழுவின கடலையையே மறுபடி மறுபடி கழுவினாள். எனக்கு மூக்கு வேர்த்தது.

“படிப்புக்கு எண்டு இருக்கிற சாமி படிப்பை மறிக்குமோ, மாஸ்ரர்?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் அப்போதுதான் நிமிர்ந்தார். கோபிக்கவில்லை. “சாமி மறிக்கேல்லை. மறிக்கிறது நான். சாமியை ஏன் இதுக்குள்ளை இழுக்கிறாய்?” என்றார். பிறகு குனிந்து செவ்வரத்தம்பூவைத் தட்டில் அடுக்கினார். அந்த வயதில் எனக்கு அந்தப் பதில் விளங்கவில்லை. திமிர் என்று நினைத்தேன்.

குசினிக்குள் போய் அவளிடம் சொன்னேன்: “எடியே, கடலையை விடு. மெசினைத்தானே தொடக்கூடாது? வாலைத் தொடலாம்.”

“வால் மெசினிலை சேர்த்தியில்லையோ?”

“மாட்டின்ரை வாலைத் தொட்டால் மாட்டைத் தொட்ட மாதிரித்தான். ஆனால் இது நான் ஒட்டின வால். என்ரை வாலை நான் தொடுறன்.”

அவளுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. திட்டம் இதுதான். மாஸ்ரருக்கு ஒரு ஆசை இருந்தது. பூசை நேரத்தில் திரையில் சரசுவதி தெரிய வேண்டும். அதற்காக நான் ஒரு வாரமாகப் பச்சைப் புள்ளிகளால் சரசுவதி வரைந்து கொடுத்திருந்தேன். வீணை மட்டும் அகப்பை மாதிரி வந்துவிட்டது. ஆகவே மூன்று மணிக்குப் பூசை தொடங்கும்போது மாஸ்ரரே ஜெனரேற்றரைப் போட்டுத் தன் கையால் அந்த மெசினையும் போடுவார். போட்டதும் பின்னால் என் புரோகிராம் தானாக எழும்பும். எங்கள் வேலையெல்லாம் வயரின் மறுமுனையில். சாமியும் இருந்த இடத்தில் இருப்பார், டிஸ்க்கும் இருந்த இடத்தில் இருக்கும். ஒருவரும் தொடப்போவதில்லை.

மிச்ச ரெலிபோன் வயரைத் தொடுத்து, சுவரோரமாக, கதவுக்குக் கீழே விட்டு, விறாந்தையில் இருந்த இரவல் மெசினில் செருகினேன். மூன்று மணிக்கு முன் அக்கம்பக்கத்துச் சனம் வந்து பாயில் இருந்தது. மாஸ்ரர் ஜெனரேற்றரை ஸ்டார்ட் பண்ணிவிட்டு வந்து, கும்பத்துக்குத் தீபம் காட்டி, சந்தனம் பூசிய விரலால் சுவிச்சைப் போட்டார். பச்சைச் சரசுவதி அகப்பையோடு எழுந்தருளினா. சனம் கும்பிட்டது. மாஸ்ரர் முதல் பாட்டை எடுத்தார். வழக்கமாக ஐந்து பாட்டு, பிறகு கர்ப்பூரம், பிறகு ஜெனரேற்றரை நிற்பாட்டிவிட்டுக் கடலை. எனக்குக் கிடைத்தது ஐந்து பாட்டு நேரம்.

இரவல் மெசினைப் போட்டேன். திரையில் அதே வரி ஓடி மறைந்தது. டி இல்லை. வயரைக் கழற்றிக் கம்பியைச் சரிபார்த்துத் திரும்பச் செருகினேன். மறுபடி போட்டேன். இல்லை. இரண்டாம் பாட்டு முடிந்தது. நான் முணுமுணுக்கத் தொடங்கினேன். நல்ல காலம், ஹோலில் குரல் பெரிது.

“அந்த ஓடுற வரி என்ன சொல்லுது?” என்று அவள் காதுக்குள் கேட்டாள்.

“தெரியாத கட்டளையாம். அதுக்குத் தெரியாட்டி நான் என்ன செய்ய?”

“நீ எழுதினதைக் காட்டு பாப்பம்.”

காட்டுவதற்கு என்ன இருக்கிறது, நான் எழுதியதில் பிழை இருக்குமா என்று முறைத்துக்கொண்டேதான் ஃபைலைத் திறந்தேன். அவள் திரையின் மேல் மூலையைத் தொட்டுக் காட்டினாள்.

“இது என்னடி?”

டிரைவர் வரிக்கு முன்னால், ஒட்டினபடி, ஒரு 2 நின்றது.

எனக்குக் காது வரைக்கும் சுட்டது. அது பிள்ளையார் சுழி. எழுத்து என்று ஒன்றைத் தொடங்கினால் முதலில் மேலே பிள்ளையார் சுழி போடாமல் என் கை அசையாது. கடிதமென்றாலும் போடுவேன், சோதனைத் தாளென்றாலும் போடுவேன், கடைக்கு எழுதும் துண்டுக்கும் போடுவேன். இங்கிலீசு விசைப்பலகையில் உகரம் இல்லாததால் இரண்டை அடிப்பது என் வழக்கம், பார்வைக்கு அதே மாதிரி இருக்கும். போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போக மறந்திருக்கிறேன். கேர்னல் வரியை எடுத்து, இரண்டில் தொடங்கும் டிரைவரைத் தனக்குத் தெரியாது என்று நேர்மையாகச் சொல்லியிருக்கிறது, போட்ட ஒவ்வொரு முறையும். நான் மூன்று நாளாக ஊரையே திட்டியிருக்கிறேன்.

“அழியடி, கெதியாய்” என்றாள்.

அழிக்கும் விசையில் விரலை வைத்தேன். அழுத்த முடியவில்லை. பேச்சில் நான் பெரிய பகுத்தறிவுக்காரி, ஆனால் சரசுவதி பூசையன்று, பக்கத்து அறையில் பாட்டு நடக்கும்போது, பிள்ளையாரை அழிக்க என்னால் முடியவில்லை.

“என்னடி செய்யிறாய்?”

“பொறு. அவருக்கு வேறை இடம் குடுக்கிறன்.”

அந்த ஃபைலில், இது குறிப்புத்தான் என்று காட்டும் ஒரு சொல்லை வரியின் தொடக்கத்தில் போட்டால், கேர்னல் அந்த வரியை வாசிக்காமல் தாண்டிப் போகும். டிரைவர் வரியைக் கீழே தள்ளிவிட்டு, மேலே அந்தச் சொல்லைப் போட்டு, பக்கத்தில் இரண்டை வைத்தேன். பிள்ளையார் இருந்த இடத்திலேயே இருந்தார், மெசின் அவரைப் பார்க்காமல் போனது. மெசினைத் திரும்பப் போட்டேன். இந்தமுறை திட்டும் வரி ஓடவில்லை. டி என்று அடித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒவ்வொரு பெயராகத் திரையில் இறங்கத் தொடங்கியது. நாலாவது பெயர் வெங்காயம். அவள் என் தோளைக் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் நீலமாக இருந்தது.

ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து எழும் பெரிய புரோகிராம் ரெலிபோன் வயர் வழியாக வருவதென்றால், சொட்டுச் சொட்டாகத்தான் வரும். எழுதும் புரோகிராம் வந்து சேர்வதற்குள் நாலாம் பாட்டு முடிந்தது. அறிக்கையைத் திறந்து அச்சடிக்கச் சொன்னேன். பிறின்ரர் கத்தத் தொடங்கியது. ஊசியால் புள்ளி குத்தி எழுதும் அந்தக் காலத்துப் பிறின்ரரின் சத்தம் கேட்டவர்களுக்குத் தெரியும், அதை ஒளிக்க முடியாது. இருபத்தாறு பக்கம். ஒரு பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம்.

நான் கதவிடுக்கால் ஹோலைப் பார்த்தேன். ஐந்தாம் பாட்டு முடிகிறது. கொம்பியூட்டரின் முன்பக்கத்தில், சந்தனப் பொட்டுக்குக் கீழே, டிஸ்க்கின் சிவப்பு வெளிச்சம் மினுங்கி மினுங்கி அணைந்தது. நாங்கள் ஒவ்வொரு பக்கம் எடுக்கும்போதும் அது மினுங்கும். முன் பாயில் இருந்த பக்கத்து வீட்டு அன்ரி அதைக் கண்டுவிட்டா.

“பாருங்கோ, ஒருத்தரும் தொடாமல் கண்ணைச் சிமிட்டுறா அம்மா!” என்று கைகூப்பினா. பின்னால் இருந்தவர்களும் எட்டிப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

மாஸ்ரர் கர்ப்பூரத் தட்டைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தைப் பார்த்தார். பிறகு விறாந்தைப் பக்கம் தலையைத் திருப்பினார். பிறின்ரர் கத்திக்கொண்டிருந்தது. கீழே, வெள்ளைத் துணிக்குப் பின்னாலிருந்து கதவு வரைக்கும் ஓடிய வயரைப் பார்த்தார். இப்போது வந்து ஜெனரேற்றரை நிற்பாட்டப் போகிறார் என்று நினைத்தேன். ஆறாம் பக்கம் பாதிதான் அச்சாகியிருந்தது.

மாஸ்ரர் தட்டைக் கீழே வைத்தார். கால் மடித்து மறுபடி இருந்தார். கண்ணை மூடினார். ஆறாவது பாட்டை எடுத்தார்.

அன்றைக்கு அவர் பாடியது போல் நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு பாட்டு முடிய மூச்சு விடாமல் அடுத்தது. சரசுவதி முடிந்து இலட்சுமிக்குப் போனார், பிறகு முருகன், பிறகு ஊர்க் கோயில் ஒவ்வொன்றுக்கும். பிறின்ரர் உயர்ந்து கத்தும் இடத்தில் குரலை அதற்கு மேலே உயர்த்தினார். சனம் முதலில் பக்தியாக இருந்தது, பிறகு நெளியத் தொடங்கியது. கடலை வாசம் வேறு. ஒரு குழந்தை அழுதது. “மாஸ்ரருக்கு இண்டைக்கு என்ன நடந்தது?” என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார். “அருள் வந்திட்டுது, பேசாமல் இருங்கோ” என்றா அன்ரி.

பத்தொன்பதாம் பக்கத்தில் விறாந்தை லைட் மங்கியது. வெளியே ஜெனரேற்றர் இருமியது. பூசைக்கென்று அளந்து விட்ட மண்ணெண்ணெய் முடியப் போகிறது. அது நின்றால் எல்லாம் போச்சு. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் வேறு மண்ணெண்ணெய் இருந்ததா என்றால், இருந்தது. சாமி அறை விளக்குக்கும் அவருடைய படுக்கையறை விளக்குக்கும் என்று மாஸ்ரர் மாதக் கடைசி வரைக்கும் பூட்டி வைத்த ஒரு போத்தல்.

பாட்டு எங்களை நோக்கி வந்தது. மாஸ்ரர் பாடிக்கொண்டே எழுந்து, பாடிக்கொண்டே அலுமாரியைத் திறந்து, போத்தலோடு விறாந்தைக்கு வந்தார். எங்களைப் பார்க்கவில்லை. பாட்டை விடவுமில்லை. எங்களைத் தாண்டி முருங்கைக்குக் கீழே போனார். கடைசிச் சொட்டுவரை அவர் ஊற்றுவதை நான் யன்னலால் பார்த்தேன். ஜெனரேற்றர் இருமல் நின்று சீராக ஓடியது. திரும்பி வரும்போது பிறின்ரருக்குப் பக்கத்தில் நின்றார். வழிந்து வரும் தாளில் மகளின் வெங்காயக் கணக்கு ஒன்று இறங்கியது. அதைப் பார்த்தபடி ஒரு அடி பாடினார், குரல் கொஞ்சம் உடைந்தது, உடனே சரிசெய்துகொண்டு ஹோலுக்குப் போய்விட்டார். காலையில் நான் அவரைத் திமிர் பிடித்தவர் என்று நினைத்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. மறித்தது தானே என்று காலையில் சொன்னவர், இப்போது தானே வழிவிடுகிறார். அது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இருபத்தாறாம் பக்கம் வந்து பிறின்ரர் ஓய்ந்தது. ஹோலில் சிவப்பு வெளிச்சம் கடைசியாக ஒருமுறை மினுங்கி அணைந்தது. மாஸ்ரர் அந்தப் பாட்டை முடித்து, கர்ப்பூரத்தைக் கொளுத்தினார். சனம் எழும்பின வேகத்தைப் பார்க்க வேண்டும்.

நானும் அவளும் ஓரத்துத் துளைத் தாளைக் கிழித்து, பக்கங்களை அடுக்கி, ஒரு கடித உறைக்குள் வைத்தோம். மணி நாலே முக்கால். விரிவுரையாளர் வீட்டுக்குச் சைக்கிளில் அரை மணித்தியாலம். போகலாம் என்று நான் சைக்கிளைத் திருப்பினேன். அவள் வரவில்லை. அறிக்கையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஹோலுக்குள் போனாள். எழுதி முடித்த முதல் எழுத்து, அதுவும் பூசையன்று, சாமியின் காலடியில் ஒருமுறை வைத்து எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நானாயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கும்பத்துக்கு முன்னால் குனிந்தாள்.

மாஸ்ரர் பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தார்.

“வையாதை, பிள்ளை” என்றார். பாடிப் பாடித் தொண்டை கட்டியிருந்தது, காற்றுத்தான் வந்தது. “வைச்சால் நாளைக்குத்தான் எடுக்கலாம். கொண்டு போ.”